ஒன்பதாவது ஆளாக தோனி, பத்தாவது இடத்தில் சென்னை

2025 மார்ச் 28, சேப்பாக்கம். பெங்களூரு 196 அடித்து விட்டது. பதிலுக்கு ஆடிய சென்னைக்கு வரிசையாக விக்கெட் விழுகிறது. ஆறாவது விக்கெட் விழுந்ததும் அரங்கமே எழுந்து நிற்கிறது, தல வரப் போகிறார் என்று. வந்ததோ அஸ்வின். அவரும் போன பிறகு, ஒன்பதாவது ஆளாக தோனி இறங்குகிறார். 16 பந்தில் 30 ரன், நாட் அவுட். கடைசி ஓவரில் சிக்ஸர்கள். அரங்கம் அதிர்கிறது. சென்னை 50 ரன்னில் தோற்கிறது. 2008-க்குப் பிறகு 17 வருஷமாக சேப்பாக்கத்தில் ஜெயிக்காத பெங்களூரு அன்றைக்கு ஜெயித்து விட்டுப் போனது.

அந்த ராத்திரி வீட்டுக்குப் போனவர்களில் பாதிப் பேர் சந்தோஷமாகத்தான் போயிருப்பார்கள். சிக்கலே அங்கேதான்.

அந்த சீசன் முடிந்தபோது சென்னை சூப்பர் கிங்ஸ் 14 மேட்சில் 4 வெற்றி, 10 தோல்வி. பத்து அணிகளில் பத்தாவது இடம். ஐந்து முறை (2010, 2011, 2018, 2021, 2023) கோப்பை வாங்கிய அணி அட்டவணையில் கடைசிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு மேட்சில் ஜெயித்தது மும்பைக்கு எதிரான முதல் மேட்ச் ஒன்று மட்டும். அதற்கப்புறம் பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா, ஐதராபாத், பஞ்சாப் என்று வந்தவர்கள் எல்லாம் தாம்பூலப் பை வாங்கிக் கொண்டு போகிற மாதிரி இரண்டிரண்டு பாயிண்ட் வாங்கிக் கொண்டு போனார்கள் :-)

"அது ஒரு மாறுகால சீசன், அப்படித்தான் இருக்கும்" என்று பல பேர் சமாதானம் சொன்னார்கள். டிரான்சிஷன்! கேட்க நன்றாக இருக்கிற வார்த்தை. ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? மாறுகாலம் என்றால் எதிலிருந்து எதற்கு மாறுவது? சீசனின் முதல் பாதியில் சென்னை எதை நோக்கியும் மாறவில்லை. ஏலத்தில் எடுத்ததும் இறக்கி விட்டதும் யாரை? ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர், அஸ்வின். எல்லோரும் நல்ல ஆட்டக்காரர்கள்தான். ஆனால் எல்லோருமே பழைய கணக்கு. 2018-ல் 'அப்பாக்கள் அணி' என்று கிண்டல் செய்தார்களே, அந்த அணி கோப்பை வாங்கியது. அந்த ஒரு வெற்றி, அனுபவம் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையை நிர்வாகத்துக்குள் சிமெண்ட் போட்டு இறுக்கி விட்டது (இந்தியா சிமெண்ட்ஸ் வாங்கிய டீம் என்பதற்காகச் சொல்லவில்லை, ஹி ஹி).

இதைப் புரிந்து கொள்ள கொஞ்ச நேரம் கிரிக்கெட்டை விட்டு கூடைப்பந்துக்குப் போவோம். இதே கதை அமெரிக்காவில் பத்து வருஷம் முன்னால் அப்படியே நடந்திருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ். கோபி பிரையன்ட். ஒரே அணியில் 20 சீசன், ஐந்து சாம்பியன்ஷிப். 2013 ஏப்ரலில் குதிகால் நரம்பு அறுந்தது. அதே வருஷம் நவம்பரில், அவர் இன்னும் களத்துக்குத் திரும்பாத நிலையில், நிர்வாகம் இரண்டு வருஷத்துக்கு 4 கோடியே 85 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டது. 2015-16 சீசனில் அவருக்கு 37 வயது, சம்பளம் 2 கோடியே 50 லட்சம் டாலர். அந்த லீக்கில் ஒரு அணிக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. அந்த வருஷ வரம்பு சுமார் 7 கோடி டாலர். ஆக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆளுக்கு. அந்த சீசனின் ஆரம்பத்திலேயே, இதுதான் கடைசி என்று கோபி அறிவித்து விட்டார். பிறகு போகிற ஊரெல்லாம் பிரிவுபசார விழா, பரிசு, கண்ணீர். அணி 17 வெற்றி, 65 தோல்வி. லேக்கர்ஸ் வரலாற்றிலேயே மோசமான சீசன். கடைசி மேட்சில் கோபி 60 பாயிண்ட் அடித்தார். 50 தடவை கூடையை நோக்கி எறிந்து அடித்த 60. உலகமே அழுதது. அந்த 60 எல்லோருக்கும் நினைவிருக்கிறது, அந்த 65 யாருக்கும் நினைவில்லை.

ஆனால் அந்த 65 தோல்விக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்தார்கள். டி'ஏஞ்சலோ ரஸ்ஸல், ஜூலியஸ் ராண்டில், ஜோர்டன் கிளார்க்சன் என்று மூன்று இளைஞர்கள் அந்த அணியில் இருந்தார்கள். அடுத்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் மூன்று பேருமே லேக்கர்ஸை விட்டுப் போய்விட்டார்கள். போன இடத்தில் ரஸ்ஸல் 2019-ல் ஆல்-ஸ்டார். ராண்டில் 2021-ல் ஆல்-ஸ்டார். கிளார்க்சன் அதே 2021-ல் சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது வாங்கினார். வளர வேண்டிய பருவத்தில் ஒரு விழாவுக்குப் பந்தல்காலாக நின்ற பிள்ளைகள் அவர்கள். லேக்கர்ஸ் மறுபடி கோப்பை வாங்க 2020 வரை ஆனது, அதுவும் லெப்ரான் ஜேம்ஸை வெளியிலிருந்து கொண்டு வந்த பிறகு.

இன்னொரு பக்கம் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். அங்கே டிம் டங்கன். அவருக்கும் ஐந்து சாம்பியன்ஷிப்தான். ஒரு காலத்தில் வருஷத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் வாங்கியவர், 2012-ல் கிட்டத்தட்ட பாதிக்கு ஒப்புக் கொண்டார். கடைசி வருஷம் சுமார் 50 லட்சம் டாலர்தான். மிச்சமான பணத்தில் நிர்வாகம் மற்றவர்களைப் பிடித்து வைத்தது. பணத்தை மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். ஆட்டத்தின் நடுவே இருந்த தன் இடத்தையும் விட்டுக் கொடுத்தார். பந்து மெல்ல மெல்ல கவாய் லெனார்ட் என்ற பையனின் கைக்குப் போனது. 2014 இறுதிப் போட்டியில் மியாமியை 4-1 என்று அடித்தபோது சிறந்த ஆட்டக்காரர் விருது 22 வயது லெனார்டுக்கு. 2016 ஜூலையில் டங்கன் ஓய்வு பெற்றார். ஒரு சின்ன அறிக்கை, அவ்வளவுதான். விழா இல்லை, ஊர்வலம் இல்லை. அவருடைய கடைசி சீசனில் அணி 67 வெற்றி, ஸ்பர்ஸ் சரித்திரத்திலேயே அதிகம். அடுத்த சீசனில், அவர் இல்லாமலே, 61.

(நியாயமாக இன்னொன்றையும் சொல்லி விடலாம். அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த லெனார்ட் 2018-ல் டொரான்டோவுக்குப் போய்விட்டார். 22 வருஷம் விடாமல் பிளே-ஆஃப் போன ஸ்பர்ஸ் 2020-ல் அதைக் கோட்டை விட்டது. சரியாகக் கைமாற்றினால் எல்லாம் சரியாகும் என்று எந்தக் கடவுளும் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் அது விழுந்த விதம் வேறு, லேக்கர்ஸ் விழுந்த விதம் வேறு.)

இப்போது தோனியை எங்கே வைப்பது? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. பணக் கணக்கில் பார்த்தால் தோனி அச்சு அசல் டங்கன். 2025-க்கு அணிகளுக்கு இருந்த மொத்தப் பணம் 120 கோடி. ருதுராஜுக்கு 18 கோடி, ஜடேஜாவுக்கு 18 கோடி, பதிரனாவுக்கு 13 கோடி, துபேவுக்கு 12 கோடி, தோனிக்கு வெறும் 4 கோடி. சர்வதேச மேட்ச் ஆடி ஐந்து வருஷம் ஆகி விட்டால் 'அன்கேப்ட்' ஆட்டக்காரராகக் கணக்கில் எடுத்துக் கொள்ளலாம் என்ற விதியின்படி. முப்பதில் ஒரு பங்கு. ஒரு மாபெரும் ஆட்டக்காரர் இதற்கு மேல் என்ன விட்டுக் கொடுக்க முடியும் என்று ரசிகர்கள் கேட்டார்கள்.

இடத்தை விட்டுக் கொடுக்க முடியும். அதுதான் பதில். பணத்தில் டங்கனாக இருந்தவர் இடத்தில் கோபியாக இருந்தார். டி20 அணியில் மொத்தம் பதினொன்று பேர், இம்பாக்ட் ஆளையும் சேர்த்தால் பன்னிரண்டு. அதில் ஒரு இடம், ஏழாவதிலோ எட்டாவதிலோ இறங்கிப் பத்துப் பதினைந்து பந்து ஆடுவதற்கு என்று ஒதுக்கப்பட்டது. முழங்கால் பழைய மாதிரி இல்லை, பத்து ஓவர் நின்று ஓடி ஆட முடியாது என்று கோச் ஃபிளெமிங்கே மார்ச் கடைசியில் வெளிப்படையாகச் சொன்னார். அதாவது டாப் ஆர்டர் சரிந்தால் தூக்கி நிறுத்த வர வேண்டிய ஆள், சரியும்போது வர முடியாதவர். ஏப்ரல் 5-ம் தேதி டெல்லிக்கு எதிராக அந்தக் கொடுமையும் நடந்தது. வேறு வழியில்லாமல் சீக்கிரமே இறங்க வேண்டி வந்தது. 26 பந்தில் 30 நாட் அவுட், சென்னைக்கு 25 ரன்னில் தோல்வி. 14 மேட்சில் மொத்தம் 196 ரன். மோசம் என்று சொல்ல முடியாது. ஏப்ரல் 14 லக்னோவில் 11 பந்தில் 26 அடித்து மேட்சை முடித்துக் கொடுத்து, 43 வயதில் ஆட்டநாயகன் விருதும் வாங்கினார். அவருடைய கீப்பிங்கைப் பற்றிக் குறை சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஆனால் கேள்வி அவர் நன்றாக ஆடினாரா என்பது இல்லை. அந்த இடத்தில் வேறொருவர் எத்தனை வருஷமாகக் கற்றுக் கொண்டிருக்கலாம் என்பதுதான்.

கைமாற்றும் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் ஜடேஜாவிடம் கேப்டன் பதவி போனது. எட்டு மேட்ச், இரண்டு வெற்றி, ஏப்ரல் 30-ம் தேதி மறுபடி தோனி. 2024-ல் ருதுராஜிடம் போனது. 2025-ல் அவருக்கு முழங்கை எலும்பு முறிய, ஏப்ரலில் மறுபடி தோனி. முறிவு யார் குற்றமும் இல்லை. ஆனால் கேப்டனுக்கு அடிபட்டால் அடுத்து யார் என்ற கேள்விக்கு 2025-லும் அதே பதில்தான் இருந்தது என்றால், அது அணிக்குப் பெருமையா? மறுநாள் கொல்கத்தாவுக்கு எதிராக 103-க்கு 9. சேப்பாக்கத்தில் சென்னையின் மிகக் குறைந்த ஸ்கோர். கொல்கத்தா அதை 10.1 ஓவரில் அடித்து முடித்தது. சென்னைக்குத் தொடர்ச்சியாக ஐந்தாவது தோல்வி.

நெய்வேலிக்காரர்களுக்கு இந்த விஷயத்தை நீட்டி முழக்கி விளக்க வேண்டியதில்லை. கண் முன்னாலேயே பாடம் இருக்கிறது. முதல் அனல் மின் நிலையம், சோவியத் உதவியோடு கட்டியது, 1962-ல் ஓட ஆரம்பித்தது. 600 மெகாவாட். ஆயுசு முடிந்த பிறகும் பல வருஷம் ஓட்டினார்கள். டவுன்ஷிப்பில் இரண்டு மூன்று தலைமுறை அதில் வேலை பார்த்திருக்கிறது, அந்தப் புகைபோக்கிகளைப் பார்த்துத்தான் பஸ்ஸில் தூங்கி எழுந்தவர்கள் ஊர் வந்துவிட்டது என்று பையை எடுப்பார்கள். அதற்காக அதைக் காலாகாலத்துக்கும் ஓட்ட முடியுமா? 2020 செப்டம்பரில் முழுவதுமாக நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே பக்கத்தில் ஆயிரம் மெகாவாட் புது நிலையத்தைக் கட்ட ஆரம்பித்து, 2019 டிசம்பரில் அதன் முதல் யூனிட்டை ஓட விட்டாயிற்று. இரண்டாவது யூனிட் 2021-ல். புதியது எரிய ஆரம்பித்த பிறகுதான் பழையதின் கடைசி நெருப்பை அணைத்தார்கள். பழைய பாய்லரைக் குறை சொல்லியா இதைச் செய்தார்கள்? இல்லையே.

சுரங்கத்திலும் அதே கதைதான். 1957-ல் வெட்ட ஆரம்பித்து, லிக்னைட் கண்ணில் பட்டது 1961-ல். நாலு வருஷம் வெறும் மேல்மண். மேல்மண் எடுக்கிற வருஷங்களில் யாரும் ஆரவாரம் செய்ய மாட்டார்கள்.

சரி, நிர்வாகம் ஏன் இதைச் செய்யவில்லை? பி.காம். படிக்கிற கூட்டம் கொஞ்சம் காதைக் கொடுங்கள். 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போயிருக்கிறது. அதில் ஒரு பெரும் பங்கு அணிகளுக்குப் போகிறது. கடைசி இடம் வந்தாலும் அந்த வருமானத்தில் பெரிய ஓட்டை விழாது. ஐரோப்பிய கால்பந்து மாதிரி கடைசியில் வந்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுகிற பயமும் கிடையாது. மறுபக்கம் தோனி ஆடினால் டிக்கெட், மஞ்சள் ஜெர்சி, விளம்பரம். ஐந்தொகையில் 'நற்பெயர்' என்று ஒரு தலைப்பு வருமே, சென்னையைப் பொறுத்தவரை அது ஒரே மனிதர். எந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுகிறோம், வருஷா வருஷம் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் எந்திரம் கழிகிற அன்று புதியது வாங்கக் கையில் காசு இருக்கும். தோனிக்குத் தேய்மானம் எழுத யாருக்கும் மனசு வரவில்லை. லாபம் நஷ்டம் என்று பார்த்தால் நிர்வாகம் செய்தது முட்டாள்தனம் கூட இல்லை. தோற்றது அணிதான், கம்பெனி தோற்கவில்லை.

அதே சமயம் ஐபிஎல்லில் தோற்பதற்குப் பரிசும் கிடையாது. அமெரிக்கக் கூடைப்பந்தில் மோசமாகத் தோற்கிற அணிக்கு அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைக்கும். ஸ்பர்ஸ் 22 வெற்றி, 60 தோல்வி என்று தரை தட்டிய பிறகுதான் 2023-ல் விக்டர் வெம்பன்யாமா கிடைத்தார். இங்கே முதல் இடம் வந்தவனுக்கும் கடைசி இடம் வந்தவனுக்கும் ஏலத்தில் ஒரே விதி. ஆகவே சென்னை அந்த சீசனில் பட்ட அடிக்கு நஷ்ட ஈடு எங்கிருந்தும் வராது. தானாக எதையாவது கற்றுக் கொண்டால்தான் உண்டு.

கற்றுக் கொண்டதா? ஆச்சரியம், கற்றுக் கொண்டது. அதுவும் விபத்தாக. ருதுராஜுக்கு அடிபட்டதால் 30 லட்சத்துக்கு ஆயுஷ் மாத்ரே வந்தார். பதினேழு வயது. ஏப்ரல் 20 வான்கடேயில் முதல் மேட்ச், 15 பந்தில் 32. குர்ஜப்னீத் சிங்குக்கு அடிபட்டதால் டெவால்ட் பிரெவிஸ் வந்தார். இன்னொரு மாற்று ஆளாக உர்வில் படேல் வந்தார். மே 3 பெங்களூரில் மாத்ரே 48 பந்தில் 94 அடித்தார், சென்னை இரண்டே ரன்னில் தோற்றது. மே 7 ஈடன் கார்டனில் பிரெவிஸ் 25 பந்தில் 52, வெற்றி. கடைசி மேட்ச், மே 25 அகமதாபாத்தில் குஜராத்துக்கு எதிராக 230 அடித்து 83 ரன்னில் வெற்றி, பிரெவிஸ் 23 பந்தில் 57. நாலு வெற்றியில் இரண்டு இந்தக் கடைசி நாலு மேட்சில் வந்தவை. முதல் ஐந்து மேட்சில் மாவு பிசைகிற மாதிரி ஆடிய அதே அணி! நூர் அகமது சீசன் முழுக்க 24 விக்கெட் எடுத்தார், யாரும் கண்டு கொள்ளவில்லை என்பது தனிக் கதை.

மூன்று பேரும் ஏலத்தில் திட்டம் போட்டு எடுத்தவர்கள் இல்லை. அடிபட்டவர்களுக்குப் பதிலாக வந்தவர்கள். திரிபாதியும் ஹூடாவும் ஓரளவு ரன் அடித்திருந்தால், ருதுராஜின் முழங்கை தப்பித்திருந்தால், மாத்ரே அந்த வருஷம் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்திருப்பார்.

இதில் ரசிகர்களுக்குப் பங்கில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஏப்ரலில் கொல்கத்தாவுக்கு எதிரான மேட்சில் ஜடேஜா பேட்டை எடுத்துக் கொண்டு களத்துக்குள் இறங்குகிற மாதிரி நடித்து விட்டு, சிரித்துக் கொண்டே திரும்பிப் போய் தோனிக்கு வழி விட்டாரே, நினைவிருக்கிறதா? அரங்கமே சிரித்தது. தான் அவுட் ஆனால்தான் தன் ஊர் ரசிகர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று தெரிந்த ஒரு மனிதர் செய்த நகைச்சுவை அது. யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வராது. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்து ஐந்தாவது கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அவர்! சொந்த ஆளின் விக்கெட்டுக்குக் கைதட்டுகிற கூட்டத்தை உலகத்தில் வேறு எந்த மைதானத்திலும் தேட வேண்டியிருக்கும்.

2025 நவம்பரில் அந்த ஜடேஜாவை, கூடவே சாம் கரனையும், ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை 18 கோடிக்கு வாங்கியது சென்னை. பதிரனா, கான்வே, ரச்சின் எல்லோரையும் விடுவித்தது. அஸ்வின் ஆகஸ்டிலேயே ஐபிஎல்லில் இருந்து ஓய்வு பெற்றிருந்தார். தோனி பட்டியலில் இருந்தார். சென்னை எதற்கும் கலங்காமல் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது என்று அன்றைக்குப் பாராட்டினார்கள். மாற்றம் தேவைதான். ஆனால் 2012-ல் இருந்து ஆடிய 36 வயதுக்காரரை அனுப்ப முடிந்த கைக்கு, 44 வயதுக்காரரிடம் ஒரு தேதி கேட்க முடியவில்லை.

டிசம்பர் 16-ம் தேதி அபுதாபி ஏலத்தில் சென்னை இரண்டு பொடியன்களை வாங்கியது. கார்த்திக் சர்மா, வயது 19. பிரசாந்த் வீர், வயது 20. ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம். சர்வதேச மேட்ச் ஆடாத ஆட்டக்காரர்களுக்கு ஐபிஎல்லில் அதுவரை யாரும் கொடுக்காத விலை. பிரசாந்த் வீர் இடது கை சுழற்பந்து வீச்சாளர், இடது கை பேட்ஸ்மேன். யார் விட்டுப் போன இடம் என்று சொல்லவே வேண்டாம். ராஜஸ்தானுக்குப் போகும்போது ஜடேஜாவின் விலை 14 கோடியாகக் குறைக்கப்பட்டிருந்தது. இந்தப் பையன் அவரை விட 20 லட்சம் அதிகம். ஏழாவதா, எட்டாவதா, எந்த இடத்தில் அவனை இறக்கப் போகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அவன் அவுட் ஆனால் சேப்பாக்கம் என்ன சத்தம் போடுகிறது என்பதையும்.